இருபது வால்யூம்

ஊரில் பாதிப் பேருடைய நரை சாயக்காவுக்குத் தெரியும். யார் எந்த வயதில் நரைத்தார்கள், யார் தனக்கு நரைக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள், யார் கடை மூடும் நேரம் பார்த்துத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள், எல்லாம் அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். பியூட்டி பார்லரில் வருஷக்கணக்காகத் தலைக்குச் சாயம் போடுகிறவள் என்பதால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் வைத்த பெயர் அது. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் சாயம் ஆகாமல் போனது. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு, பிறகு கொப்புளம், பிறகு தோல் வெடிப்பு. கிளவுஸ் போட்டாலும் கழற்றிக் கழற்றி மாட்டும்போது எப்படியோ உள்ளே இறங்கிவிடும். தோல் டாக்டர் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "களிம்பு தர்றேன். ஆனா நீங்க அந்த வேலையை விட்டாத்தான் இது உங்களை விடும்" என்றார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவளுக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

அப்போதுதான் மருத்துவமனை நடத்தும் ஆய்வக டெக்னீஷியன் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாள். வயது வரம்பு கிடையாது. ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் சோதிக்கக் கற்றுக்கொடுத்து அங்கேயே வேலையும் தருவார்கள். ஒரே ஒரு முட்டுக்கட்டை. பள்ளியில் வேதியியல் படிக்காதவர்கள் மாலைக் கல்லூரியில் சேர்ந்து அடிப்படை வேதியியல் தாள் எழுதித் தேறவேண்டும். மூன்று முறை எழுதலாம். மூன்றாவதும் போனால் கதவு சாத்தியது சாத்தியதுதான்.

சாயக்கா இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள்.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். பஸ்ஸில் படித்தாள், பார்லரில் ஒருத்தி தலையில் சாயம் ஊறுகிற நேரத்தில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள், அங்கேதான் வந்தது வினை. ஆக்சிஜனேற்ற எண் என்று ஒரு பாடம். ஒரு பொருளுக்குள் எந்த அணு எத்தனை எலக்ட்ரானைக் கொடுத்தது, எந்த அணு எத்தனையை வாங்கியது என்கிற கணக்கு. கொடுத்தவருக்கு பிளஸ், வாங்கியவருக்கு மைனஸ், எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். ஆக்சிஜனுக்கு மைனஸ் இரண்டு என்று அவள் நெஞ்சில் பச்சை குத்தினாற்போல எழுதி வைத்திருந்தாள். இரண்டாவது பரீட்சையில் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுத்து ஒவ்வோர் அணுவின் எண்ணையும் கேட்டார்கள். இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். ஆக்சிஜன் மைனஸ் இரண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து மைனஸ் நான்கு. அப்படியானால் ஹைட்ரஜன் ஆளுக்கு பிளஸ் இரண்டு. கூட்டிப் பார்த்தாள், பூஜ்யம். அடடா என்று ஒரு வட்டம் வேறு போட்டுவிட்டு வந்தாள்.

அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வந்த மூன்று கேள்விகளும் கூண்டோடு கைலாசம் போயின.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் வீட்டில் அவளை எதிர்கொண்டது ஓரகத்தி. கொழுந்தனாருடைய மனைவி, எல்லோருக்கும் சின்னவள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே சமையலறை. ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் என்றால் மீதியை நான் சொல்லவேண்டியதில்லை. அடுப்பைத் துடைக்காமல் போனது யார், உப்பு ஜாடியைத் திறந்தபடி வைத்தது யார் என்று தினம் ஒரு வழக்கு நடக்கும். சாயக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். "வண்டிச் சத்தமே தேவலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"என்ன அக்கா, சாயம் வெளுத்துப்போச்சா?" என்றாள் சின்னவள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி ஆயிற்று. சாயக்கா கேள்வித்தாளைச் சமையல் மேடைமேல் விசிறிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாள்கணக்கில் பேச்சில்லை. கரண்டிகள்தாம் பேசின.

உலை கொதிக்கும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் சின்னவள் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். பிறகு பாடப்புத்தகத்தைப் படித்தாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். மாமியார் உயிரோடு இருந்தவரை அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, பேசலைன்னாலும் பரவாயில்ல, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எலக்ட்ரானைக் குடுத்தவனுக்கு ஏன் பிளஸ்?"

சாயக்காவுக்கும் அது நெடுநாள் கடுப்பு. "அதைத்தான் நானும் கேக்கறேன். குடுத்தவனுக்குக் குறையணும், வாங்கினவனுக்குக் கூடணும். இது என்ன தலைகீழ் நியாயம்?"

சின்னவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே யோசித்தாள். "எலக்ட்ரானே மைனஸ்னு போட்டிருக்கு. அப்படின்னா அது வீட்டுல இருக்கற சனியன் மாதிரி. சனியன் வெளிய போனா வீடு பிளஸ். அடுத்த வீட்டுக்காரன் அதை உள்ள கூப்பிட்டா அவன் மைனஸ்."

சாயக்காவுக்கு மாலைக் கல்லூரியில் சேர்ந்த நாளாகப் புரியாதது பாதி வெங்காயத்தில் புரிந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் சின்னவளுக்குத் தலைகால் புரியாது என்பதால், "வெங்காயத்தைப் பொடியா நறுக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து சமையல் நேரமெல்லாம் வேதியியல் நேரமானது.

ஆனாலும் பெராக்சைடு மட்டும் பிடிபடவில்லை. மாலைக் கல்லூரி டீச்சரிடமே போய்க் கேட்டாள். டீச்சர் இவளைவிடப் பத்து வயது இளையவள், சுண்ணக்கட்டித் தூள் படாத புடவை அவளிடம் ஒன்றுகூட இருக்காது.

"ஹைட்ரஜனுக்கு பிளஸ் ரெண்டு போட்டிருக்கீங்களே, அதுகிட்ட மொத்தம் எத்தனை எலக்ட்ரான் இருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டை எப்படிங்க குடுக்கும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

சாயக்கா தாளைப் பார்த்தாள். ஹைட்ரஜன் ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும். இரண்டு ஹைட்ரஜன், இரண்டு எலக்ட்ரான். அதை இரண்டு ஆக்சிஜனும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்று. மைனஸ் ஒன்று. தண்ணீரில் ஒரே பிள்ளையாக இரண்டையும் வாங்கித் தின்கிற ஆக்சிஜன், இங்கே கூடப்பிறந்தவனோடு பங்கு போட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. நெஞ்சில் குத்திய பச்சையைத் திருத்த வேண்டியதில்லை, எப்போது செல்லும் எப்போது செல்லாது என்று பார்த்தால் போதும்.

மறுவாரம் டீச்சர் பலகையில் ஒரு கணக்கு எழுதினாள். "இருபது வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில், நூறு மில்லிக்கு எத்தனை கிராம் பெராக்சைடு இருக்கும்?"

படித்ததும் சாயக்காவுக்கு வாயெல்லாம் பல். "டீச்சர், இது எங்க கடைச் சரக்கு. சாயத்தோட கலக்கறது, டெவலப்பர்னு சொல்லுவோம். பத்து, இருபது, முப்பது, நாப்பதுன்னு வரும்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. இருபது வால்யூம்னா என்ன அர்த்தம்?"

சாயக்கா எழுந்து நின்று நிதானமாகச் சொன்னாள். "முடி எவ்வளவு புஸ்ஸுனு நிக்கும்னு அர்த்தம் டீச்சர். பத்துன்னா படிஞ்சு கிடக்கும். நாப்பதுன்னா குருவிக்கூடு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள்மேல் தப்பில்லை. பார்லரில் வால்யூம் என்றால் அதுதான். முடி அடர்த்தியாகத் தெரியவேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். புட்டியிலும் அதே சொல் இருந்தால் வேறு என்ன நினைப்பாள்? எத்தனை மெல்லிய தலைக்கு, "உங்களுக்கு முப்பது போட்டாத்தான் எடுப்பா நிக்கும்" என்று அடித்து விட்டிருக்கிறாள். அவர்களும் கண்ணாடியில் பார்த்து நிற்கிறது நிற்கிறது என்று தலையாட்டிப் போயிருக்கிறார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "வால்யூம்னா கன அளவு. இந்தக் கரைசல் சிதைஞ்சா ஆக்சிஜன் வாயு வரும். ஒரு லிட்டர் கரைசல்ல இருந்து இருபது லிட்டர் வாயு வந்தா அது இருபது வால்யூம். மீதியை வீட்டுல போட்டுட்டு வாங்க" என்றாள்.

காது மடல் சூடேற வீடு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல் மேடையில் தாளை விரித்தாள். நடந்ததைக் கேட்டுச் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

பெராக்சைடு ஒரு மோல், முப்பத்து நான்கு கிராம். ஒரு மோல் வாயு இருபத்திரண்டு புள்ளி நான்கு லிட்டர். முப்பத்து நான்கை இருபதால் பெருக்கி இருபத்திரண்டு புள்ளி நான்கால் வகுத்தாள். லிட்டருக்கு முப்பது கிராம் சொச்சம் வந்தது.

"நூறு மில்லிக்கு மூணு" என்று கோடு போட்டாள்.

சின்னவள் தாளின் தலைப்பில் எழுதியிருந்த சமன்பாட்டின்மேல் விரலை வைத்தாள். "பெராக்சைடுக்கு முன்னாடி ஒரு ரெண்டு நிக்குதே அக்கா. அவரு என்ன, வாசலுக்குக் காவலா நிக்கிறாரு?"

சாயக்கா திரும்பப் பார்த்தாள். இரண்டு பெராக்சைடு சிதைந்தால்தான் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வரும். அப்படியானால் இருபத்திரண்டு புள்ளி நான்கு லிட்டருக்கு வேண்டியது முப்பத்து நான்கு இல்லை, அறுபத்தெட்டு கிராம். மறுபடி பெருக்கி வகுத்தாள். லிட்டருக்கு அறுபது சொச்சம், நூறு மில்லிக்கு ஆறு. டீச்சரிடம் விடையைச் சரிபார்க்க இன்னும் நாலு நாள் இருந்தது. அவளுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பார்லரைத் திறந்ததே அவள்தான். அலமாரியில் டெவலப்பர் புட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. இருபதை எடுத்துத் திருப்பினாள். முன்னால் கொட்டை எழுத்தில் 20 வால்யூம். அதற்குக் கீழே, இத்தனை வருஷம் கையில் பிடித்தும் கண்ணில் படாத பொடி எழுத்தில், 6%.

புத்தகத்தில் விடை பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. சமையல் மேடையில் பென்சிலால் போட்ட கணக்கு இங்கே கண்ணாடி அலமாரிக்குள் அச்சாகி உட்கார்ந்திருக்கிறது. முப்பதைத் தொடுமுன் தனக்குத்தானே ஒன்பது என்று சொல்லிக்கொண்டு திருப்பினாள். ஒன்பது. நாற்பதுக்குப் பன்னிரண்டு என்றாள். பன்னிரண்டேதான். இந்த மூளைதான் இரண்டு முறை தோற்றதா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"புட்டியைத் தடவிக்கிட்டு என்ன பண்ற?" என்றபடி வந்தாள் பார்லர் முதலாளியம்மா.

"இது முடி புஸ்ஸுனு நிக்கறதுக்கு இல்லீங்க மேடம். ஆக்சிஜன் கணக்கு."

"அப்படியா? அப்ப இத்தனை வருஷமா நாம சொன்னது?"

"பொய்ங்க மேடம்."

முதலாளியம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். "சரி சரி. பத்து மணிக்கு வர்றவங்ககிட்ட உளறிடாத" என்றாள்.

மூன்றாவது பரீட்சை வந்தது. காலையில் கிளம்பும்போது சாயக்காவின் கை வெடிப்பில் பேனா உறுத்தும் என்று சின்னவள் பேனாவைச் சுற்றித் துணி நாடா ஒட்டிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க அக்கா" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கேலி பேசாத சின்னவளைப் பார்த்துத்தான் சாயக்காவுக்குப் பயமே வந்தது. இந்த முறையும் போனால் மறுமுறை கிடையாது. மறுபடி அந்த வெடித்த கையோடு கிண்ணத்தைக் கலக்க வேண்டியதுதான், தோல் இருக்கிறவரை.

ஹாலில் தாளைத் திருப்பினாள். முதல் பகுதி தட்டுத்தடுமாறி நடந்தது. கடைசியில் பெரிய கேள்வி, மதிப்பெண் மூட்டையே அதில்தான். படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிந்து உப்பும் நீரும் ஆக்சிஜனும் தருகின்றன. எது ஆக்சிஜனேற்றம் அடைந்தது, எது ஒடுக்கம் அடைந்தது? ஏழு புள்ளி நான்கு ஐந்து கிராம் ஹைப்போகுளோரைட்டுடன் ஆறு புள்ளி எட்டு கிராம் பெராக்சைடைச் சேர்த்தால் எத்தனை கிராம் ஆக்சிஜன் கிடைக்கும்?

பெராக்சைடு இவளுடைய சரக்கு. ஹைப்போகுளோரைட்டு என்றால் சலவைக்கூடத்து பிளீச், சின்னவள் தினமும் புழங்குவது. யாரோ வேலை மெனக்கெட்டு இரண்டு ஓரகத்திகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டு, இப்போது என்ன ஆகும் சொல் என்று கேட்கிறார்கள். என்ன ஆகுமா? ஆறு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். சாயக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். இவள் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளோரின் என்றதும் கை தானாக மைனஸ் ஒன்று எழுதப் போனது. உப்பில் அதுதானே. நிறுத்தினாள். மனப்பாடத்தை நம்பி ஒருமுறை கெட்டது போதும். பிளீச்சுக்குள் சோடியம் பிளஸ் ஒன்று, ஆக்சிஜன் இங்கே ஒண்டிக்கட்டை, அதனால் மைனஸ் இரண்டு. கூட்டினால் பூஜ்யம் வர குளோரின் பிளஸ் ஒன்றாக இருந்தாகவேண்டும். கொடுக்க அதனிடம் இருக்கிறதா? இருக்கிறது. அது உப்பாகும்போது மைனஸ் ஒன்று. பிளஸ் ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்றுக்கு, இரண்டு படி இறக்கம். அதுதான் ஒடுக்கம். பெராக்சைடின் ஆக்சிஜன்கள் இரண்டும் மைனஸ் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு, ஆளுக்கு ஒரு படி ஏற்றம். இரண்டு இறங்கியது, இரண்டு ஏறியது. கணக்கு நேர்.

அடுத்து கிராம். பிளீச் ஒரு மோலுக்கு எழுபத்து நான்கரை, ஆகவே இருப்பது பத்தில் ஒரு மோல். பெராக்சைடு பத்தில் இரண்டு மோல். சமன்பாட்டில் எண்களைத் தேடினாள், எந்த வாசலிலும் இரண்டு நிற்கவில்லை, ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் பிளீச் முதலில் தீர்ந்துபோகும். அதற்குமேல் பெராக்சைடு எவ்வளவு குதித்தாலும் ஒன்றும் நடக்காது. ஆக்சிஜன் பத்தில் ஒரு மோல், மூன்று புள்ளி இரண்டு கிராம். எழுதி முடித்து, இந்த முறை வட்டம் போடாமல், முதல் வரியிலிருந்து திரும்பச் சரிபார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் சொன்னாள். "உன்னையும் என்னையும் சேத்துக் கேட்டுட்டாங்க. ஏறினது நான். இறங்கினது நீ."

சின்னவள் சமன்பாட்டை எழுதச் சொல்லிப் பார்த்தாள். "எலக்ட்ரானைக் குடுத்தது நீங்க, வாங்கிக்கிட்டது நான். உங்க சனியனைத் தலையில வாங்கிக்கிட்டது நான்தானே அக்கா?"

"அதுக்குத்தான் முதல்ல தீந்துபோன."

"ஆமா, நான் தீந்துபோனதாலதான் நீங்க பாதி மிச்சம் இருக்கீங்க. நல்லா இருங்க."

சாயக்கா சின்னவளுடைய ஈரக்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அடுப்பைத் துடைக்கப் போனாள். அன்றைக்கு அது அவள் முறையே இல்லை.

ரிசல்ட்டைக் கல்லூரி வாசலில் ஒட்டினார்கள். சாயக்கா தள்ளி நின்றுகொண்டாள். கூட்டத்துக்குள் புகுந்த சின்னவள் விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நின்று, திரும்பி வந்தாள். "எழுபத்தெட்டு" என்றாள். கேலி எதுவும் சேர்க்கவில்லை. சாயக்கா தானே போய்ப் பார்த்தாள். எழுபத்தெட்டுதான், பக்கத்தில் தேர்ச்சி. பட்டப்பகலில் நடுத்தெருவில் இரண்டு ஓரகத்திகளும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே இரண்டு பேரும் மருத்துவமனைச் சேர்க்கை அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா விண்ணப்பத்தைப் பார்த்தார், மதிப்பெண் சான்றிதழைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

"வேதியியல்ல எழுபத்தெட்டா? நல்ல மார்க். எல்லாம் சரியா இருக்கும்மா. பொண்ணு எங்க? பொண்ணு வந்துதான் கையெழுத்துப் போடணும்."

சாயக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். "பொண்ணு நான்தாங்க."

குமாஸ்தா விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"ஆமா சார், பொண்ணு இவங்கதான்" என்றாள் சின்னவள். "நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க."

குமாஸ்தா சிரித்துவிட்டு எழுந்து நின்று பேனாவை நீட்டினார். சாயக்கா அதை வாங்கி, யாரும் கூப்பிடாத தன் முழுப்பெயரை, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள்.